செவிலிமேட்டில் ஆறு நாள் காப்பு

ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே காலுக்குப் பூந்தமல்லியில் காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். சாமி பார்க்கப் போகவில்லை. என் மனைவி மங்கைக்கு ரத்தப் புற்றுநோய். அவளுடைய அண்ணன் சம்பந்தத்தைச் சென்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துவரப் போனேன்.

பக்கத்து சீட்டுக்காரர் கல்யாணப் புடவை எடுக்கப் போகிறவர். ஆஸ்பத்திரி விஷயம் என்றதும் விடவில்லை. டாக்டர் எனக்குச் சொன்னதை அவருக்குச் சொன்னேன். எல்லார் ரத்தத்திலும் இயற்கைக் கொல்லி அணுக்கள் என்று ஒரு வகை இருக்கிறதாம். கெட்டுப்போன அணுவைக் கண்டால், யாரும் காட்டிக் கொடுக்காமலே தானாகப் போய் அழிக்குமாம். மங்கையிடம் அவை சோர்ந்துவிட்டன. அதனால் அண்ணன் ரத்தத்திலிருந்து எடுத்துப் பிரித்து, சொட்டுச் சொட்டாக அவளுக்கு ஏற்றுவார்கள். முழுப் பொருத்தம் வேண்டாம், பாதி போதும். பொருந்தாத மீதியும் இதற்கு உதவும் என்கிறார்கள்.

"கொணமாயிடுமாங்க?"

"சோதனை முறைதான், உறுதி சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

நான்தான் முதலில் கையை நீட்டினேன். புருஷன் ரத்தம் உறவில்லையாம். முப்பது வருஷம் ஒரே பானைச் சோறு தின்றும் உறவில்லையாம். அன்று ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அழுதேன்.

ஒன்பது மணிக்குக் காஞ்சிபுரம். ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்துச் செவிலிமேடு போனேன். தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி, வேப்பிலைத் தோரணம்.

மச்சான் தறியில் இருந்தார். மூன்று வாரத்துக்கு முன் எல்லா டெஸ்டிலும் தேறிய ஆள் கன்னம் ஒட்டிக் கிடந்தார். வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்பு.

"வா மாப்ள. இன்னாவோ கொலகார செல்லாமே? கொசுவக்கூட அடிக்காதவன் ஒடம்புல அது எப்பிடிப்பா குந்திக்கினு இருந்துச்சு?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "காப்பு எப்ப கட்டினீங்க?"

"போன ஞாயிறு. மங்கைக்காகத்தான். வெள்ளிக்கிழமை அம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கறேன்."

எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கட்டுப்பாடுதான். காப்பு கட்டியவர் அவிழ்க்கும் வரை ஒருவேளைச் சோறு. எல்லை தாண்டி இரவு தங்கக் கூடாது. தங்கச்சி பிழைக்க வேண்டும் என்று கட்டிக்கொண்ட காப்பு, அவளுக்கு உதவ முடியாதபடி அவரைக் கட்டிப்போட்டிருந்தது.

"காலைல வந்து குடுத்துட்டு, பொழுதோட திரும்பிடலாம்னு நெனச்சேன்," என்றார்.

நர்ஸுக்குப் போன் போட்டேன். "நல்லா சாப்பிடச் சொன்னோமே சார்! இன்னைக்கு மூணு வேளையும் சாப்பிட்டு, தண்ணி நெறைய குடிச்சு, ராத்திரிக்குள்ள அட்மிட் ஆகணும். காலைல ரத்தம் பார்த்துட்டுத்தான் மெஷின்ல போடுவோம். மேடத்துக்கு மருந்து ஆரம்பிச்சாச்சு, தள்ளிப்போட முடியாது."

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். "அம்மன்கிட்ட சொல்லிட்டேனே மாப்ள. அவுத்துட்டு அவளுக்கு ஏதாவது ஆனா, சாவற வரைக்கும் எனக்குச் சோறு எறங்குமா?"

அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

பத்தரைக்குத் தெருக்கோடி அம்மன் கோயிலுக்குப் போனோம். பூசாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவுக்கறதுதான் தப்பு. ஒறவுல ஒருத்தர் வாங்கிக் கட்டிக்கினா மொறை கெடாது," என்றார்.

"எனக்குக் கட்டு," என்று மச்சானின் மனைவி லோகு அக்கா கையை நீட்டினார்.

"சுகரு மாத்திரை முழுங்கிக்கினு பட்டினி கெடப்பியா? ஒன்ன எவன் தூக்கறது?" என்று பூசாரி அதட்டினார். அவர்கள் மகனோ ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் நைட் ஷிப்ட். தினமும் எல்லை தாண்டுகிறவன்.

"நான் கட்டிக்கலாமா?"

"அவளுக்குத் தாலி கட்டினவரு நீங்க. பேஷா கட்டலாம். ஆனா கைமாறின காப்புக்குப் பகல்லகூட எல்லை தாண்டக் கூடாது, வெள்ளி ராத்திரி வரைக்கும் இங்கதான் இருக்கணும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செவ்வாய்க்கிழமை அண்ணனின் அணுக்கள் ஏறும்போது பக்கத்தில் இருப்பேன் என்று மங்கையிடம் சொல்லியிருந்தேன். ஏறும்போது ஜுரம், நடுக்கம் வரலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். வெளியே வந்து அவளுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"பயமாத்தான் இருக்குது," என்றாள். அப்புறம், "நீங்க வந்தா கைய புடிப்பீங்க. எங்கண்ணன் வந்தா ஊசி ஏறும். அவர அனுப்புங்க. பிரியா கூட இருக்கா இல்ல?" பிரியா எங்கள் மகள்.

மச்சான் கையிலிருந்து காப்பு என் கைக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் அக்கா அவருக்கு இலை போட்டார். சோறு, பருப்பு, கீரை, கெட்டித் தயிர். முதல் கவளத்தில் அவருக்கு விக்கியது. நான்தான் தண்ணீர் கொடுத்தேன். மூன்று மணி பஸ்ஸில் போனார். நான் கீழேயே நின்றுவிட்டேன்.

திங்கள்கிழமை ரத்தப் பரிசோதனையில் தேறிவிட்டார். சாயந்திரம் போனில், "ஒரு கைல எடுத்து இன்னொரு கைல உடறாங்கோ மாப்ள, தறில நாடா போய்ப் போய் வர மாதிரி. நாலு மணி நேரம் மூக்கு அரிச்சாகூட சொறிய உடல," என்றார். 

செவ்வாய்க்கிழமை பதினொன்று நாற்பதுக்கு ஏற்ற ஆரம்பித்தார்கள். பிரியா போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். நடுக்கம் வந்தது, கம்பளி போர்த்தினார்கள், பன்னிரண்டரைக்கு முடிந்தது. நான் பாலாற்றங்கரைப் பக்கம் எல்லை வரை நடந்து நடந்து திரும்பினேன். அதைத் தாண்டிப் போக என் கால் எவ்வளவு துடித்தது என்று அம்மனுக்குத்தான் தெரியும்.

வெள்ளி இரவு தீச்சட்டியை நானே எடுத்தேன். காப்பு அவிழ்ந்தது.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குச் சென்னை பஸ். எத்தனையோ முறை காஞ்சிபுரம் வந்திருக்கிறேன். வந்த அன்றே நாலு கோயிலைப் பார்த்துவிட்டுப் பொழுதோடு திரும்பிவிடுவேன். இந்த முறை ஆறு நாள் இருந்தும் ஒரே தெரு, ஒரே கோயில்தான். பலன் தெரிய ஒரு மாதமாகும் என்கிறார் டாக்டர். தெரியாமலே ஒரு மாதம் இருக்க வேண்டும்.

எப்போதும் ஊரிலிருந்து அவளுக்குப் பூவும் குங்குமமும் பிரசாதமும் கொண்டுபோவேன். இப்போது கிருமி பயத்தால் அவள் அறைக்குள் எதையும் விடமாட்டார்கள். வெறும் கையோடு பஸ்ஸில் உட்கார்ந்தேன், குறையாகத் தோன்றவில்லை. காப்பைக் கைமாற்றி அவளுக்கு என்னால் தர முடிந்ததை ஞாயிற்றுக்கிழமையே மச்சான் தன் உடம்பில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.