எடுக்காத ரத்தம்

என் மனைவிக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த ஒரு பரிசோதனைச் சீட்டை நான் மறைத்தேன். மறந்துபோகவில்லை, மறைத்தேன்.

அவளுக்குச் சினைப்பையில் புற்றுநோய். சேலத்தில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தோம். ஒருநாள் பெண் மருத்துவர் என்னைத் தனியே அழைத்தார். இது பரம்பரையாக வந்ததாக இருக்கலாம், ரத்தம் எடுத்து மரபணுவைப் பார்த்தால் தெரியும், மகள்களையும் காப்பாற்றலாம், கட்டணம்கூட வேண்டாம் என்றார். நான் ராசிபுரத்துப் பள்ளியில் முப்பது ஆண்டு உயிரியல் நடத்தியவன். புரியவில்லை என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

அந்த மாதம்தான் சின்ன மகளுக்குத் திருச்செங்கோட்டில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கம் பெண் எடுக்கிறவர்கள் வீட்டுக்கு வந்து கேட்பதோடு விடமாட்டார்கள். மளிகைக் கடை, மருந்துக்கடை, பக்கத்துத் தெரு என்று விசாரிப்பார்கள். பரம்பரை நோய் என்று ஒரு காதில் விழுந்தால் போதும். கர்ப்பப்பையில் சாதாரணக் கட்டி, எடுத்தாயிற்று என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். சீட்டைப் பழைய பாடக்குறிப்பு நோட்டுக்குள் செருகினேன்.

"ஏனுங்க, என்னமோ ரத்தம் எடுக்கோணும்னாங்களே?" என்று மனைவி கேட்டாள்.

"அதெல்லாம் எடுத்துப் பார்த்தாச்சு. ஒண்ணுமில்லை."

வாரந்தோறும் அவளுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். எந்த ரத்தம் எதற்கென்று அவளுக்கு எப்படித் தெரியும்? நம்பினாள். கல்யாணத்தைப் பார்த்துவிட்டு எட்டாம் மாதம் போய்ச் சேர்ந்தாள்.

ஐந்து ஆண்டு கழித்து, வாழப்பாடியில் வாழ்ந்த பெரிய மகளுக்கு வயிறு உப்பியது. வாயு என்று மாத்திரை தின்றாள். எனக்குச் சந்தேகம் வந்தது. அப்போதும் இரண்டு வாரம் வாய் திறக்கவில்லை. ஸ்கேனில் பார்த்தபோது குடல்வரை பரவியிருந்தது.

அம்மாவுக்கு மரபணுச் சோதனை செய்தீர்களா என்று மருத்துவர் கேட்டார். மகள் தயங்காமல் சொன்னாள்: "செஞ்சாங்க டாக்டர். உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் வராது சாமின்னு அம்மாவே எங்ககிட்டச் சொல்லுச்சு."

என் பொய்யை என் மனைவி சாகும் முன் மகள்களுக்கு ஆறுதலாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"எடுக்கவே இல்லை" என்றேன்.

பெரியவள் என் பக்கம் திரும்பினாள். "தங்கச்சிகிட்டப் போய்ச் சொல்லுங்கப்பா. நாம அப்புறம் பேசிக்கலாம்."

அவள் ரத்தத்தில் மரபணுக் கோளாறு உறுதியானது. அந்த அறிக்கையையும் பழைய சீட்டையும் எடுத்துக்கொண்டு திருச்செங்கோட்டுக்குப் போனேன். சம்பந்தியம்மாளை வைத்துக்கொண்டே சின்னவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சின்னவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சம்பந்தியம்மாள் சீட்டைப் பார்க்கவில்லை. "அன்னைக்கே சொல்லியிருந்தா நாங்க பொண்ணெடுத்திருக்க மாட்டமுங்ணா. அது வேற. இப்ப அவ எங்கூட்டுப் புள்ள. எங்க போகோணும், அதைச் சொல்லுங்க."

அவரே சின்னவளைச் சேலத்துக்குக் கூட்டிப் போனார். அவளுக்கும் அதே கோளாறு. ஒரு குழந்தை போதும் என்று முடிவு செய்து, சினைப்பைகளை எடுத்துவிடச் சம்மதித்தாள். அறுவைக்கு நான் வரக்கூடாது என்றாள்.

அதற்குள் பெரியவள் இறந்துபோனாள். அப்புறம் பேசிக்கலாம் என்றாளே, அந்தப் பேச்சு நடக்கவே இல்லை.

அறுவை முடிந்து பத்தாம் நாள் சம்பந்தியம்மாள் போன் செய்தார். எடுத்ததில் நோய் எதுவும் இல்லையாம். "அவளாப் பேசறப்பப் பேசட்டும். நீங்க கூப்புடாதீங்க."

நான் கூப்பிடவில்லை.