அந்தோணி போன் கேட்ட பாஸ்வேர்டு

பேய், பிசாசு, ஆவி, குறி சொல்வது, இதில் எதிலுமே எனக்கு நம்பிக்கை கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊருக்குள் நுழைகிற வழியில் ஒரு புளியமரம் நிற்கிறது, உச்சிவெயிலில் அதன் பக்கம் போகக்கூடாது என்று பெரிய பெரிய ஆட்களே சுற்றிக்கொண்டு போவார்கள், நான் அதன் அடியில்தான் ஸ்கூட்டியை நிறுத்துவேன். கம்ப்யூட்டர் படித்தவள் நான். ஒரு மெஷின் வேலை செய்யவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், வேலை செய்தால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும், அவ்வளவுதான் என் வேதாந்தம். அப்படிப்பட்ட நானே இதைச் சொல்கிறேன் என்றால் யோசித்துப் பாருங்கள். சிரிக்கிறதென்றால் கடைசியில் சிரியுங்கள்.

மணமேல்குடிப் பக்கம் கடற்கரை ஊர் எங்களுடையது. வீட்டு முன்னறையில் ஆன்லைன் கடை வைத்திருக்கிறேன், பட்டா, வருமானச் சான்றிதழ், கல்லூரி விண்ணப்பம் எல்லாம் பதிந்து கொடுப்பேன். எங்கள் தெருவுக்கு முதன்முதலில் இன்டர்நெட் வயர் வந்தது என் வீட்டுக்குத்தான். உப்புக்காற்றுக்கு வயர் ஒரு மாதம்கூடத் தாங்காது, பொம்பளைக்கு எதற்கு இந்த வீம்பு என்றெல்லாம் பேசினார்கள். வயர் தாங்கியது, கடையும் நின்றது, அப்படிப் பேசியவர்களே இன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நிற்கிறார்கள். பெருமையாகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட வேண்டியதற்குப் பெருமைப்படாமல் அடக்கமாக உட்கார்ந்திருக்க எனக்கு வராது.

என் தம்பி அந்தோணிக்கும் அதே ரத்தம்தான். எதிர்வீடு. சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்து நண்டு வலை போடுகிறவன். சிங்கப்பூரில் இருக்கும் என் வீட்டுக்காரர் போன தடவை வந்தபோது ஒரே மாதிரி இரண்டு போன் கொண்டுவந்து எனக்கொன்றும் அவனுக்கொன்றும் கொடுத்தார். அந்த போனில் ஒரு வசதி இருக்கிறது, அதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள், கதையே அதில்தான் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று நம் வைஃபையைத் தொட்டால், 'இன்னார் போன் உங்கள் வைஃபையில் சேர விரும்புகிறது, பாஸ்வேர்டைப் பகிரலாமா' என்று நம் போன் நம்மிடம் கேட்கும். பகிர் என்று அழுத்தினால் பாஸ்வேர்டு தானாக அவர் போனுக்குப் போய்விடும், வாயால் சொல்லவே வேண்டாம். ஆனால் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், மிஞ்சிப்போனால் ஒரு தெரு அகலம். அதற்கு மேல் போனால் கேட்காது.

முதலில் அவனுக்குப் பாஸ்வேர்டு கொடுத்துத்தான் வைத்திருந்தேன். அவன் என்ன செய்தான், கடற்கரையில் இருக்கும் அவன் கூட்டாளிகள் அத்தனை பேருக்கும் வாரி வழங்கிவிட்டான். என் வீட்டுச் சுவரில் வரிசையாகச் சாய்ந்துகொண்டு படம் பார்க்கிறார்கள். ஒரு நாள் நர்சிங் படிப்புக்குக் கடைசி நாள், ஒரு பெண்ணுக்கு விண்ணப்பம் ஏற்றுகிறேன், பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பிள்ளை அழுத அழுகை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எல்லாரையும் விரட்டிவிட்டு எப்படியோ ஏற்றிக் கொடுத்தேன், கொடுத்த கையோடு பாஸ்வேர்டை மாற்றினேன். தெருவே பார்க்க அவனிடம், இந்த ஜென்மத்தில் உனக்குக் கிடையாது என்று சொன்னேன். உன் வைஃபை இல்லாமல் என் வலையில் நண்டு ஏறாதா என்று அவன் கேட்டான். அதோடு பேச்சு நின்றது.

பேச்சுதான் நின்றது. மறுநாள் காலையில் கடலிலிருந்து வந்தவன் என் வாசலில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல், போனை எடுத்து ஒரு தட்டுத் தட்டினான். என் மேசையில் இருந்த போன் கேட்டது: 'அந்தோணி போன்' உங்கள் வைஃபையில் சேர விரும்புகிறது. நான் வேண்டாம் என்று அழுத்தினேன். அவன் போய்விட்டான். அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும். மூன்று வாரம், ஒரு நாள் தவறாமல், அவன் கேட்பதும் நான் வேண்டாம் என்பதும். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்துக்கு நான் காத்திருக்கவே ஆரம்பித்துவிட்டேன். கேள்வி வந்தால் பயல் கரை சேர்ந்துவிட்டான் என்று அர்த்தம். கொடுத்துவிடலாம் என்று பல தடவை கை போனது, வீம்பு விடவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கடலுக்குக் கிளம்புகிறவனிடம் எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கக்கூடாது, கேட்டால் அன்றைக்குப் பாடு கிடைக்காது, வலை வெறுமையாக வரும் என்பார்கள். அவனும் சொல்ல மாட்டான். நண்டு ஓடுகிற இடம் தெரிந்துவிட்டால் மறுநாள் அங்கே பத்துப் படகு நிற்கும். அதனால் கட்டிய பெண்டாட்டிக்குக்கூட அவன் எந்தத் திசையில் போனான் என்பது தெரியாது. இந்த வழக்கத்தை நான் ஆயிரம் தடவை கிண்டல் செய்திருக்கிறேன், ஆனால் அந்த மூன்று வாரத்தின் கடைசி நாளில் அவன் வலையைத் தூக்கிக்கொண்டு என் வாசலைக் கடந்தபோது நானும்தான் எங்கேடா என்று கேட்கவில்லை.

அன்று மதியம் மாணிக்கத்தோடு கிளம்பினான். மாணிக்கம் அவன் படகில் பங்குக்கு வேலைக்கு வருகிறவர், நாற்பது வருஷம் கடல் பார்த்தவர். மறுநாள் காலையில் வர வேண்டும். என் போன் கேட்கவில்லை. ஒன்பது மணி, பத்து மணி, கேட்கவில்லை. பதினோரு மணிக்குக் கடையை அடைத்துவிட்டுக் கரைக்கு ஓடினேன். படகு வரவில்லை. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

தேடப் போனார்கள். சூசை மாமாதான் எங்கள் கரையில் மூத்தவர், அவர் சொன்ன பக்கம் படகுகள் போயின. அந்தோணி எப்போதும் வடக்கேதான் வலை விடுவான் என்று எல்லாருக்கும் நினைப்பு, அன்று முழுக்க வடக்கேயே தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அடுத்த நாள் காலையில் வீடு நிறையச் சனம், அம்மா ஒரு பக்கம், அவன் பெண்டாட்டி ஒரு பக்கம், ஆளாளுக்கு ஒப்பாரி வைக்காத குறை. நான் மட்டும் அழவில்லை. அழுதால் அவன் போய்விட்டான் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. ஆனால் உள்ளுக்குள்ளே ஒன்றே ஒன்று அறுத்துக்கொண்டிருந்தது, கடைசியாக அவன் என்னிடம் ஒன்று கேட்டான், நான் வேண்டாம் என்றேன்.

அப்போது மணி பதினொன்று அடித்து ஏழு நிமிஷம். நல்ல வெயில். கையில் இருந்த போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்கிறேன்.

'அந்தோணி போன்' உங்கள் வைஃபையில் சேர விரும்புகிறது.

நீங்கள் நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். வந்துவிட்டான் என்று வாசலுக்கு ஓடினேன். தெருவில் ஆள் இல்லை. எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தேன், சந்தில் பார்த்தேன், கொல்லைப்பக்கம் பார்த்தேன். நாய் ஒன்று படுத்திருந்தது, அவ்வளவுதான். போனில் கேள்வி அப்படியே நிற்கிறது. யாராவது அவன் போனை எடுத்து விளையாடுகிறார்களோ என்றுகூட நினைத்தேன், போனைத்தான் அவன் கழுத்தில் கவரில் போட்டு மாட்டிக்கொண்டு போயிருந்தானே. பிறகு யோசிப்பதை விட்டுவிட்டேன். நடுத்தெருவில் நின்றுகொண்டு, மூன்று வாரமாக அழுத்தாத அந்தப் 'பகிர்' என்பதை அழுத்தினேன்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அவனிடமிருந்து மெசேஜ் வந்தது. ஒரு லொகேஷன். அதற்குக் கீழே ஒரு வரி: இஞ்சின் நின்னு போச்சுக்கா, இங்கிட்டு நங்கூரம் போட்டுக் கெடக்கோம்.

லொகேஷனைத் தொட்டுப் பார்த்தால் தெற்கே காட்டுகிறது. தேடிய இடத்துக்கு நேர் எதிர்த்திசை. வீட்டுக்குள் ஓடி அந்த எண்களைக் கொட்டை எழுத்தில் அச்செடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். சூசை மாமா அந்தக் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துக்கத்தில் பிள்ளைக்குப் புத்தி தடுமாறுகிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார். அந்தப் பக்கம் அந்தோணி போகவே மாட்டான், இருக்கிற டீசலை வைத்து வடக்கேதான் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றார்கள்.

எனக்கு வந்ததே கோபம். "மாமா, இந்தக் கரையில எத்தனை பேருக்கு நான் பேப்பர் போட்டுக் குடுத்திருக்கேன், ஒரு நம்பர் தப்பாப் போட்டுருக்கேனா? ஒரே ஒரு நம்பர்?"

சூசை மாமா காகிதத்தை மறுபடியும் வாங்கிப் பார்த்தார்.

"அப்ப இதையும் நம்பிப் போங்க."

இரண்டு படகு தெற்கே கிளம்பின. சூசை மாமாவே ஒன்றில் ஏறினார், என்ன இருந்தாலும் பெரிய மனுஷன். நான் கரையிலேயே நின்றேன். தண்ணீர் குடிக்கக்கூடத் தோன்றவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் இரண்டு படகும் வந்தன, பின்னால் கயிறு கட்டி மூன்றாவதையும் இழுத்துக்கொண்டு. காகிதத்தில் இருந்த இடத்திலேயே கிடந்ததாம், நங்கூரம் பிடித்ததால் நகராமல். குடிதண்ணீர் முந்தின நாளே தீர்ந்து இரண்டு பேருக்கும் உதடு வெடித்திருந்தது, உயிர் இருந்தது. நான் அப்போதுதான் அழுதேன். ஊர் பார்த்தால் பார்க்கட்டும் என்று வாய்விட்டு அழுதேன்.

அந்தோணி கொஞ்சம் தெளிந்ததும் என்னிடம் கேட்டான், "யாருக்கா எடத்தச் சொன்னது?"

"நீதான்டா. மெசேஜ் போட்டியே."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "நான் போட்ட மெசேஜ் போகலையேக்கா. அந்தப் போனே கடல்ல விழுந்துருச்சே."

நடந்தது இதுதான். இஞ்சின் நின்ற அன்று மாலையே அவன் லொகேஷனையும் அந்த வரியையும் எனக்கு அனுப்பியிருக்கிறான். டவர் இல்லை, அனுப்பியது போகாமல் கடிகாரக் குறியோடு நின்றுவிட்டது. மறுநாள் உச்சிவேளையில், உயரத்தில் பிடித்தால் டவர் கிடைக்கும் என்று அணியத்தில், அதுதான் படகின் மூக்கில், ஏறி நின்று போனைக் கழுத்திலிருந்து கழற்றித் தூக்கிப் பிடித்திருக்கிறான். அலை ஒரு ஆட்டு ஆட்ட, போன் கவரோடு தண்ணீருக்குள் போய்விட்டது. ஆறேழு பாகம் ஆழம், ஆறேழு ஆள் உயரம் இருக்கும். மாணிக்கம் தன் கண்ணால் பார்த்திருக்கிறார், அதற்காக அவனைத் திட்டித் தீர்த்ததையும் அவரே சொன்னார். அப்படியென்றால் என் வாசலில் வந்து அது பாஸ்வேர்டு கேட்டபோது, ஏறக்குறைய ஒரு முழு நாளாகக் கடலுக்கடியில் கிடந்திருக்கிறது.

நான் சும்மா இருப்பேனா. அன்றைக்கே ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, யார் யார் சேர்ந்தார்கள் என்கிற பட்டியலைப் பார்த்தேன். அந்தோணி போன், சேர்ந்தது பதினொன்று பத்து, விலகியது பதினொன்று பதினாலு. நான்கு நிமிஷம். படம் எடுத்து வைத்திருக்கிறேன், வேண்டுமானால் காட்டுகிறேன். புதுக்கோட்டையிலிருந்து லைன் பார்க்க வருகிற இன்ஜினியர் பையனிடம் காட்டினேன். எங்கேயோ ஒரு நொடி டவர் கிடைத்து மெசேஜ் முன்பே போயிருக்கும், தாமதமாக வந்திருக்கும் என்றான். சரி தம்பி, மெசேஜுக்கு அது சரி, வாசலில் வந்து கேட்டதே, அதற்கு என்ன சொல்கிறாய் என்றேன். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். டீ கொடுத்தேன், அதை முழுசாகக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

ஊரில் எல்லாரும் இது, காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற புனித அந்தோணியார் செய்த புதுமை, அற்புதம் என்கிறார்கள். அம்மா கோயிலில் மெழுகுவர்த்தி கொளுத்திக்கொண்டே இருக்கிறாள். நான் சண்டைக்குப் போகவில்லை, புனிதருக்கு உரியது புனிதருக்கு. ஆனால் கடல் காற்றில் வயர் இழுத்து நான் வைத்த வைஃபையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆறேழு பாகம் ஆழத்துக்கு எட்டிய வைஃபை இந்த ஜில்லாவில் வேறு யார் வீட்டில் இருக்கிறது, சொல்லுங்கள்.

இவ்வளவுதான் என்றால் நானும் எதையாவது சொல்லிச் சமாதானம் ஆகியிருப்பேன். போன மாதம் ஒரு மத்தியானம், அந்தோணி என் கடையில் உட்கார்ந்து மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இப்போது அவனிடம் இருப்பது வேறு போன், அதற்கு வேறு பெயர். மேசையில் என் போன் அதிர்ந்தது.

'அந்தோணி போன்' உங்கள் வைஃபையில் சேர விரும்புகிறது.

அவனும் பார்த்தான். சோற்றுக் கை அப்படியே நின்றது. "குடுக்காதக்கா," என்றான்.

ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பகிர் என்று அழுத்தினேன். அழுத்திவிட்டு நேராகக் கரைக்குப் போய், அன்றைக்குக் கடலுக்குப் போன படகுகளை ஒவ்வொன்றாக விசாரித்தேன். எல்லாம் திரும்பியிருந்தன, எல்லா வீட்டிலும் ஆள் இருந்தது.

அந்தப் போன் இந்தத் தடவை விலகவில்லை. தினமும் காலையில் கடை திறந்ததும் ரவுட்டர் பட்டியலைப் பார்க்கிறேன், இன்றைக்கும் இருக்கிறது. எனக்கு இன்னும் எந்த மெசேஜும் வரவில்லை.