ஏரியின் மேல் மூட்டிய நெருப்பு

நெருப்பை ஏரியின் மேல்தான் மூட்டப்போகிறார்கள் என்று முதலே சொல்லியிருந்தால் நான் குரோருட்டில் இருக்கும் எங்கள் வீட்டை விட்டு அசைந்திருக்கமாட்டேன். "கிராமத்துல ஒரு வீடு எடுத்திருக்கோம் அக்கா. ஹோலிக்கு முந்தின சாயங்காலம் நெருப்பு மூட்டுவோம், பொண்ணையும் கூட்டிட்டு வாங்க" என்றுதான் என்னோடு வேலை செய்யும் சென்னைக்காரி கூப்பிட்டாள். அவளுடைய கணவர் டெல்லியில் வளர்ந்தவர். ஹோலி அவர் கொண்டுவந்த சீதனம். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஹோலியும் இல்லை, உறைகிற ஏரியும் இல்லை.

போய் இறங்கினால், வீட்டுக்குக் கீழே ஏரி வெள்ளையாக விரிந்து கிடந்தது. அதன் நடுவே இரும்புத் தகடு போட்டு விறகை ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். கரையில் மூட்டினால் மரங்களில் பற்றிவிடுமாம், ஏரிதான் பாதுகாப்பாம். என் பதினைந்து வயது மகள் என்னை ஒரு சொல் கேட்காமல் படகுத்துறைப் பக்கமாக இறங்கி ஓடிவிட்டாள்.

"பயப்படாதீங்க அக்கா. துளை போட்டு அளந்து பாத்தாச்சு. கார் கூடப் போகும்."

"கார் போகட்டும். என்ர பிள்ளை போகவேண்டாம்."

மகளுடைய அப்பா இறந்து இரண்டு வருடம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பள்ளிக்கூடம் விட்டு அவள் பத்து நிமிடம் பிந்தினாலே நான் சன்னலில் போய் நிற்பேன்.

இருட்டியதும் மூட்டினார்கள். தேங்காயையும் கோதுமையையும் தீயில் இட்டு எல்லோரும் சுற்றிவரத் தொடங்கினார்கள். நான் மட்டும் கரையில் நின்று மகளின் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்: நெருப்புக்கு முன்னால் வந்தால் மூச்சு விடுவேன், பின்னால் போனால் மூச்சைப் பிடிப்பேன். மூன்றாம் சுற்றில் ஏரி உறுமியது. கரையிலிருந்து கரைக்கு ஓடிய அந்தச் சத்தம் என் பாதத்தில் அதிர்ந்தது.

"ஓடி வா இஞ்சை!" என்று கத்தினேன்.

"ஸ்லாப் ஆவ், அம்மா!" என்று இந்த நாட்டு மொழியில் சிரித்தாள். "பயப்பிடாதேங்கோ. குளிர் கூடேக்கை ஐஸ் இப்பிடித்தான் கத்தும்."

இரண்டாம் முறை உறுமியபோது அவள் நெருப்புக்குப் பின்னால் இருந்தாள். இம்முறை வெளியே வரவில்லை. எல்லோரும் இறங்கிப் போன படகுத்துறையையும் நான் பார்க்கவில்லை, ஒன்றையும் பார்க்கவில்லை. நின்ற இடத்திலிருந்து நேரே இறங்கினேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்பவள் நான்தான். மார்ச் வெயிலில் முதலில் இளகுவது கரையோரம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? இரண்டாம் அடியில் பனிக்கட்டி உடைந்தது. தொடைவரை தண்ணீர். குளிரில் குரல் வரவில்லை. கால் சேற்றில் தட்டியதால் மூழ்கமாட்டேன் என்று மட்டும் தெரிந்தது.

மகள் பறந்து வந்தாள். நாலைந்து முழம் தள்ளி நின்று, பாரம் பரவ அப்படியே குப்புறப் படுத்தாள்.

"அசையாதேங்கோ! முன்னுக்குச் சாயுங்கோ! கையை விரிச்சுப் படுங்கோ அம்மா, படுங்கோ!"

பெற்ற வயிறு என்றும் பாராமல் அப்படி ஒரு அதட்டல். நான் படுத்தேன். அவள் கழுத்துச் சால்வையை எறிந்தாள், நான் பிடித்தேன். பின்னால் வந்த டெல்லிக்காரர் அவளுடைய கால்களைப் பிடித்து இழுக்க, அவள் என்னை இழுத்தாள்.

நெருப்பருகே இருத்தி என் சப்பாத்தைக் கழற்றப் பார்த்தாள். நனைந்து இறுகிய நாடா அவிழவில்லை.

"தொடையளவு தண்ணிதான், பிள்ளை. கால் நிலத்திலை முட்டினது" என்றேன், சமாதானமாக.

"அது எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று சீறினாள். பிறகு முகம் கோணி உடைந்து அழுதாள். "உங்களுக்கு ஒண்டு நடந்தா எனக்கு ஆர் இருக்கினம்?"

இரண்டு வருடமாக அவளை இழந்துவிடுவேனோ என்று நான்தான் பயந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அவளும் பயந்துகொண்டிருந்தாள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. வெட்கமாக இருந்தது.

கரைக்குத் திரும்பும்போது அவள் முன்னே நடந்தாள். ஒவ்வோர் அடியையும் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இதிலை வையுங்கோ" என்றாள். சொன்ன இடத்தில் வைத்தேன்.