ஸ்டெல்லா சிஸ்டர் தட்டில் வளர்த்த ஆலமரம்

கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோதுதான் செய்தி வந்தது. ஸ்டெல்லா சிஸ்டரின் தங்கை மகள் ஜெயந்தி போனில் பேசினாள். பெரியம்மா விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார் என்றாள். பந்தியை விசாரித்துக்கொண்டு வந்த மாப்பிள்ளையின் தாயாரிடம் சொன்னேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம் பையனே அவங்க கையில பொறந்தவன்தாங்க" என்றார். பாதிச் சாப்பாட்டில் எழுந்தால் சிஸ்டருக்குப் பிடிக்காது. பாயசம் வரைக்கும் இருந்து சாப்பிட்டுவிட்டே விருத்தாசலத்துக்குப் பஸ் ஏறினேன்.

உங்களில் பலருக்கு அவர் பிரசவ வார்டு நர்ஸ். எனக்கு முதலில் வாடிக்கையாளர். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் என் பீங்கான் பட்டறைக்கு வந்து, சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம்தான் ஆழம் இருக்கிற மாதிரி ஒரு தொட்டி கேட்டார். கையிலிருந்த பைக்குள் ஈரத்துணி சுற்றிய ஆலங்கன்று. அவர் வேலை பார்த்த பழைய வார்டை இடித்தபோது சுவர் விரிசலிலிருந்து பிடுங்கி வந்தது. அதைக் குட்டையாகவே வளர்த்து போன்சாய் மரமாக்கப் போவதாகச் சொன்னார். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் நான் அவருக்கு அண்ணன், அவர் எனக்கு சிஸ்டர்.

முதல் தொட்டிக்கு உள்ளும் புறமும் நீலப் பூச்சு கொடுத்துப் பளபளவென்று சுட்டுத் தந்தேன். கொஞ்ச நாளில் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"பாக்க நல்லாதான் இருக்குது அண்ணே. ஆனா தண்ணி ஊத்துனா மண்ணு வழுக்கிக்கிட்டுப் போயிடுது. வேரு எதைப் புடிச்சிக்கிட்டு நிக்கும்?"

நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, ஒரு மதியம் முழுக்க வாதாடினோம். கடைசியில் உள்பக்கம் பூச்சில்லாமல் சொரசொரப்பாக விட்டு, விளிம்பை லேசாக உள்ளே மடித்து, அடியில் கால் வைத்து ஒன்று செய்தேன். தண்ணீர் வடிய அடியில் விட்டிருந்த துளைகளுக்கு மேல் அவர் நைலான் வலை போட்டார். பட்டறையில் உடைந்து கிடந்த பூச்சில்லாத சில்லுகளை இடித்து மண்ணோடு கலந்தார். மேல்மண் கரையாமலிருக்கப் பாசி வேண்டும் என்று தெருவில் இருந்த காம்பவுண்டுச் சுவர்களையெல்லாம் கரண்டியால் சுரண்டினார். எதிர்வீட்டுக்காரர் சிரித்தபோது, உங்கள் சுவரில்தான் பாசி நன்றாக இருக்கிறது, வெள்ளையடித்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாராம்.

அந்த மரத்தைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். அந்த வார்டில் பிறந்தவர்கள் தங்கள் பிள்ளைகளோடு வந்து பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். "இதுவும் உங்களோட பொறந்ததுதான்" என்பார். அந்தக் கட்டடத்தில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான் என்பதை நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

ஒரு மழைக்காலத்தில் தங்கைக்கு முட்டியில் ஆபரேஷன் என்று ஸ்ரீமுஷ்ணம் போனார். வீட்டுச் சாவி எங்களிடம் இருந்தது. அவர் போன மறுநாளே புயல் மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸெல்லாம் நின்றுவிட்டது. மழை சற்று ஓய்ந்தபோது நானும் என் மனைவியும் அவர் மாடிக்குப் போய்ப் பார்த்தோம். பக்கத்து மனைத் தென்னை மட்டை தொட்டியின் மேல் விழுந்து பாசியைப் பெயர்த்திருந்தது. பாசி போன இடத்தில் மண்ணும் போய்விட்டது. மரம் ஒருபக்கம் சாய்ந்து, வேர்கள் வெளியே கிடந்தன. போன் செய்யவே எனக்குக் கை வரவில்லை. மனைவிதான் செய்தாள்.

சிஸ்டர் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. வார்டில் பேசுவது போலவே பேசினார்.

"பதறாதீங்க. மொதல்ல ஈரச் சாக்கைப் போட்டு வேரை மூடுங்க. மண்ணு எங்கியும் போயிருக்காது. மாடித் தண்ணி எறங்குற குழா வாயில கெடக்கும் பாருங்க."

அங்கேதான் கிடந்தது. மனைவி கையால் அள்ளி வந்தாள். நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் போடச் சொன்னார். குத்தாமல் விரல் நுனியால் அழுத்தச் சொன்னார். மரம் ஆடினால் மண் நிற்காது என்று, துளை வழியாகக் கம்பி விட்டுத் தொட்டியோடு கட்டச் சொன்னார். மேலே ஈரத்துணி பரப்பி சன்ஷேடுக்கு அடியில் வைக்கும் வரை போனை வைக்கவில்லை. இலை பாதி உதிர்ந்தது. பிறகு சிவந்த தளிர் மொட்டு ஒன்று வந்தது.

சிஸ்டர் திரும்பி வந்ததும் நேராக மாடிக்குப் போனார். துணியை விலக்கி மண்ணைத் தொட்டுப் பார்த்தார். கீழே இறங்கி வந்து என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "தாயும் சேயும் நல்லா இருக்காங்க" என்றார். அன்று எங்கள் வீட்டில் கேசரி.

கடைசி மாதங்களில் இதயம் பலவீனப்பட்டுவிட்டது. படியேறக் கூடாது என்று டாக்டர் சொன்னதும், மரத்தை ஜெயந்திக்குக் கொடுத்துவிட்டார். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். வழியெல்லாம் மக்கள் விசாரித்தார்களாம். இப்போது ஸ்ரீமுஷ்ணத்தில் நன்றாக இருக்கிறது. அடக்கத்துக்கு வந்திருந்த நீங்கள் பலரும் அதைப் பற்றித்தான் என்னிடம் கேட்டீர்கள். அதற்காகவே இதை எழுதினேன்.

எனக்கென்று அவரிடமிருந்து தங்கியது ஒரு வழக்கம். மழை விட்டதும் மாடிக்குப் போய், தண்ணீர் இறங்கும் குழாய் வாயைப் பார்க்கிறேன். எங்கள் மாடியில் செடி ஒன்றும் கிடையாது. என்ன பார்க்கிறீர்கள் என்று மனைவியும் கேட்பதில்லை. சற்று நேரத்தில் அவளும் மேலே வந்துவிடுகிறாள்.