கெங்கம்மாவின் வலது கை

சாந்தோம் மீன்காரிகளுக்குக் கெங்கம்மாவின் வலது கைமேல் அபார நம்பிக்கை. விடிந்ததும் அவள் தொட்டுக் கொடுத்த கூடைதான் மத்தியானத்துக்குள் காலியாகுமாம். தொடாத கூடையைப் பூனைகூடச் சீண்டாதாம். பூனையை யாரும் விசாரித்ததில்லை.

1934 ஐப்பசியில் அந்தக் கை வெடித்தது. முதலில் விரலிடுக்கில் அரிப்பு. அப்புறம் பொடிக் கொப்புளம், நீர், தோல் உரிந்து பிளவு. குஷ்டம், பெரிய வியாதி என்று சொல்லிக் குப்பத்துக்கு வெளியே குடிசை போட்டு வைத்திருந்த மிக்கேலுக்கும் கையில்தான் ஆரம்பம். அவனுக்குச் சோறு வைப்பவர்கள் எட்ட நின்றே வைப்பார்கள்.

வெடிப்பை மறைக்கக் கெங்கம்மா மஞ்சள் அப்பிக்கொண்டாள்.

"இன்னாக்கா, ரெண்டாங் கண்ணாலமா?" என்றாள் பக்கத்துக் கூடை முத்தம்மா.

"ஆமா, உன் புருசனத்தான் கேட்டுக்கினு கீறேன்."

சொல்லிவிட்டுக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மீன் வாடை போகக் கல்லுப்பும் எலுமிச்சம்பழமும் தேய்ப்பது எல்லாருக்கும் வழக்கம். வாடை போனால் வியாதியும் போகும் என்று அவள் தினம் மூன்று தடவை தேய்த்தாள். கை ரத்தம் கக்கியது.

கடைசியில் மயிலாப்பூர் டாக்டர் சுவாமிநாதனிடம் போனாள். அவர் கண்ணை மூடச் சொல்லி, ஊசியால் விரல் விரலாகத் தொட்டார்.

"வலிக்கறதா?"

"உசிரு போவுது சாமி."

"அப்போ நீ பயப்படற வியாதி இல்லை. அது வந்தா தோல் மரத்துப்போய் வலியே தெரியாது. இறால் தண்ணியும் உப்பும் தோலை அரிச்சிருக்கு. எலுமிச்சம்பழத்தை விடு. வேலை முடிஞ்சா நல்ல தண்ணியிலே அலம்பி, ஈரம் போகத் துடைச்சு, தேங்காயெண்ணெய் தடவு."

"பூடுமா?"

"ஆறும், திரும்ப வரும். ஈரத்துலயே பிழைக்கறவளை லேசுல விடாது. ஆனா யாருக்கும் ஒட்டாது."

மறுநாள் மஞ்சளில்லாத கையை நீட்டி விஷயத்தைச் சொன்னாள். முத்தம்மா கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அது இல்லன்னு எப்டிக் கண்டாரு?"

"குத்திப் பாத்தாரு. வலிச்சுது."

முத்தம்மா ஒரு மீன் முள்ளை எடுத்துச் சுருக்கென்று குத்தினாள். கெங்கம்மா கையை உதறி அவள் வம்சத்தையே வைதாள்.

"சரி, வலிக்குது. தொடு," என்று முத்தம்மா கூடையைத் தள்ளினாள்.

டாக்டர் சொன்னபடியே கை ஆறியது, மறுபடி வெடித்தது. வெடிக்கிற நாட்களில் கெங்கம்மா வாசற்படி தாண்டுமுன் உள்ளங்கையில் முள்ளால் தானே குத்திக்கொள்வாள். வலித்த பிறகுதான் கூடையைத் தலையில் ஏற்றுவாள்.