கோழிப் பங்கு

சேறும் பச்சைப் புல்லும் கலந்த ஒரு வாடை என் சின்னம்மாவின் சேலையில் எப்போதும் இருக்கும். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது, போகவேண்டும் என்று அவளும் நினைத்ததில்லை. ஆபீஸ் கட்டடங்கள் தொம்மலூரில் எங்கள் சந்தின் வாய் வரைக்கும் வந்துவிட்ட பிறகும், இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றியவள் அவள். விடிந்ததும் ஏரிக்குப் போய், நாங்கள் "ஜொண்டு" என்று சொல்லும் கோரையை அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவருவாள். பள்ளி இல்லாத நாட்களில் நானும் பின்னால் போவேன்.

புல் அறுக்கும் பெண்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. கால்வாய் ஏரியில் சேரும் மூலையில் உள்ள கோரையை மழைக்காலம் முழுக்க யாரும் தொடமாட்டார்கள், ஏனென்றால் சிவப்பு மூக்கு நீலக்கோழிகள் அதற்குள்தான் முட்டையிடும். அந்த மூலைக்குப் பெயர் "கோழிப் பங்கு". அதில் அரிவாள் வைத்தவளுக்குப் புல்லுக்கட்டைத் தலையில் தூக்கிவிட ஒருத்தியும் கை கொடுக்கமாட்டாள்.

ஒரு மழைக்காலத்தில் ஏரியை அழகுபடுத்த ஜேசிபி வந்தது. கரையை வழித்துக்கொண்டே வந்து அந்த மூலையை நெருங்கியபோது, சின்னம்மா வீட்டுக்கு ஓடி இரண்டு மாட்டையும் ஓட்டிவந்து, முளை அடித்து, மிஷினுக்கு முன்னால் கட்டிவிட்டாள். மாட்டின்மேல் மிஷினை விடும் துணிச்சல் எந்த டிரைவருக்கு வரும்? அவை படுத்து அசைபோட ஆரம்பித்தன.

"வெறும் குப்பைதாம்மா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு, க்ளீன் பண்ணிட்டுப் போயிடறோம்" என்றார் மேஸ்திரி.

"உனக்குக் குப்பை, அதுக்கு வீடு. பங்காளி வீட்ட இடிக்கிறத நான் பாத்துட்டு நிக்கணுமா? குஞ்சு வெளிய வரட்டும், அப்புறம் வா."

குஞ்சுகள் வெளியே வரும்வரை மாடுகளுக்குப் பகலெல்லாம் அங்கேதான் தீனி. காத்திருந்து சலித்தவர்கள் அந்த மூலையை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

இப்போது சின்னம்மா இல்லை. மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் ஜிம் இருக்கிறது. ஏரியைச் சுற்றிக் கம்பிவேலி. அரிவாளோடு யாரும் உள்ளே போகமுடியாது. கல் பதித்த கரைகளில் ஒரு கொக்குகூட நிற்பதில்லை, நிற்க ஆழமில்லாத தண்ணீர் வேண்டாமா? உயிர் இருப்பது அந்த ஒரு மூலையில்தான். அதையும் வழித்துவிட்டு, கரைமேல் போட்ட நடைபாதையை முழு வட்டமாக்கப் போகிறார்களாம். கோரையால் கொசு வருகிறது என்று ஏரியைப் பற்றிய கூட்டத்தில் சுற்றியுள்ள அபார்ட்மெண்ட்காரர்கள் சொன்னார்கள். கொசு வருவது நீங்கள் விடும் சாக்கடையால், அதை நிறுத்துங்கள், பாதையைக் கொஞ்சம் வளைத்துப் போடுங்கள் என்றேன். சிரித்தார்கள். நாலடி சுற்றி நடந்தால் கால் தேய்ந்தா போய்விடும்? எனக்கு எரிச்சலாக வந்தது, இன்னும் ஆறவில்லை.

நாளைக் காலை மிஷின் வருகிறது. கோரைக்குள் முட்டை இருக்கிறது. கட்டிப்போட என்னிடம் மாடு இல்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது, அதை அந்த மூலையில் போட்டு உட்காரப் போகிறேன். குஞ்சு வெளியே வரட்டும், அப்புறம் பேசுவோம்.