உளவுத்துறை அம்மா

அந்த அம்மாவுக்கு ‘உளவுத்துறை’ என்று பெயர் வைத்தது நான்தான். இப்போது மறுத்து என்ன ஆகப்போகிறது? அவர் வந்த முதல் வாரமே வைத்துவிட்டேன். எக்ஸ்ரே எடுப்பவர் முதல் கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லார் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

எங்களுடையது சின்ன ஆஸ்பத்திரி. மருந்து கொடுக்கும் கவுண்டரில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் என் அக்காவும் அங்கேதான் வருவாள். சர்க்கரை நோய், இடது கால் விரலில் ஆறாத புண். புண்ணுக்குப் போடும் கட்டை ஒழுங்காக மாற்றாவிட்டால் விரலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டுப் போடும் அறை கட்டடத்துக்குப் பின்பக்கம். அதனால் அவள் வருவதும் போவதும் என் கண்ணில் படாது. மாத்திரையை மாதம் ஒருமுறை நானே வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.

சிகிச்சைக்கு வருகிறவர்களின் குறைகளைக் கேட்டு எழுத ஒருவர் வருவார், ஒத்துழைக்கவும் என்று மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் அந்த அம்மா வந்து, வாசலுக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். மடியில் அட்டை, அதில் கிளிப் மாட்டிய தாள்கள். வெளியே போகிறவர்களிடம் ஒரு நிமிஷம் உட்காரச் சொல்வார். உட்கார்ந்தவர்கள் அரைமணி நேரத்துக்கு எழுந்திருக்க மாட்டார்கள். கவுண்டரிலிருந்து நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

குறை கேட்க வந்தவர் குறையைத்தானே கேட்க வேண்டும்? கேட்கவில்லையே! தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஒருநாள் பின்னால் போய் நின்று ஒட்டுக்கேட்டேன். “மறுபடி இங்க வர்றப்ப வீட்டுலேர்ந்து என்ன எடுத்துட்டு வருவீங்க?” என்று ஒரு பெரியவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவர் யோசித்து, விசிறி என்றார். உட்கார ஏதாவது என்றார். கடைசியில் கூச்சப்பட்டுக்கொண்டே, கழிவறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் என்றார். அந்த அம்மா ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதிக்கொண்டார். இதில் என்ன உள்குத்து என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காததாலேயே சந்தேகம் இரண்டு மடங்கானது.

ஆளைத் துருவிப் பார்த்தேன். துணிக்கடையில் பதினெட்டு வருஷம் விற்பனைக்கு நின்றவராம். கணவர் இல்லை, மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. நானே பேச்சுக் கொடுத்தபோது எதையும் மறைக்கவில்லை. துணி பிடிக்கவில்லை என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்களாம், அப்புறம் வருகிறோம் என்று சிரித்துக்கொண்டே போவார்களாம், அதோடு சரியாம். இதை எதற்கு என்னிடம் சொல்கிறார், யாரைக் குத்திக்காட்டுகிறார் என்று அன்று வீடு போய்ச் சேரும்வரை மண்டையைக் குடைந்துகொண்டேன். மதியம் வாசலிலேயே தனியாகச் சாப்பிடுவார். திமிர் பிடித்தவர், யாரோடும் சேரமாட்டார் என்று பேசிக்கொண்டோம். அவரை யாரும் கூப்பிடவில்லை என்பதுதான் உண்மை.

இரண்டே வாரத்தில் கழிவறைக்குத் தாழ்ப்பாள் வந்தது. அதற்குச் சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் அதே வாரம், கூட்டம் ஏன் காத்துக்கிடக்கிறது என்று எக்ஸ்ரேக்காரரிடம் விளக்கம் கேட்டு ஓலையும் வந்தது. அடுத்து உருளப்போவது என் தலைதான் என்று முடிவே கட்டிவிட்டேன். அன்றிலிருந்து மாத்திரைக் கவரோடு புத்திமதியும் கொடுக்க ஆரம்பித்தேன். வாசலில் கேட்டால் எல்லாம் திருப்தி என்று சொல்லுங்கள், ஏடாகூடமாக எதையாவது சொல்லி வைத்தால் அப்புறம் மருந்து வருவதே நின்றுபோகும் என்றேன். பச்சைப் பொய். அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பாவம், எல்லாரும் தலையாட்டினார்கள்.

அக்காவுக்கு வீட்டுக்கே போய்ச் சொன்னேன். “நீ எனக்கு அக்கான்னு அங்க எல்லாருக்கும் தெரியும். நீ எதையாவது உளறி வெச்சா, நான்தான் சொல்லிக்குடுத்தேன்னு ஆயிடும்.” அம்மா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவள் அவள். என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, சரிடா என்றாள்.

ஒரு மாதம் போயிருக்கும். கூட்டமில்லாத ஒரு மத்தியானம் அந்த அம்மா என் கவுண்டருக்கு வந்தார். கையில் அட்டை இல்லை.

“சார், உங்க அக்கா மூணு வாரமா கட்டு மாத்த வரலை. கடைசியா வந்தப்ப எல்லாம் திருப்தின்னாங்க. அடுத்த தடவை என்ன எடுத்துட்டு வருவீங்கன்னு கேட்டேன். அப்புறம் பாக்கலாம்னு சிரிச்சுட்டுப் போனாங்க. எனக்கு என்னமோ சரியாப் படலை.”

என் வாயைக் கிண்டுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. கட்டுப் போடும் நர்ஸைப் பற்றி நான் ஏதாவது சொல்ல வேண்டும், அதை எழுதிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதானே? அக்கா ஊரில் இல்லை என்று ஒரே போடாகப் போட்டேன். ஒரு போன் போட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் போடவில்லை. உளவுத்துறை சொல்லி நான் போன் போடுவதா என்ற வீம்பு.

நாலாம் நாள் காலை அத்தான் கூப்பிட்டார். அக்காவுக்குக் குளிர் ஜுரம், கால் கறுத்துப்போயிருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றார். அன்று சாயங்காலமே இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஒரு நாலு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும் என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த நாலு நாள் கணக்கு என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்த அம்மாவுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் அவர் பார்க்க வந்தார். தோள் பைக்குள்ளிருந்து அட்டையின் முனை எட்டிப்பார்த்தது. இங்கேயும் எழுத வந்துவிட்டாரா என்று, நம்புங்கள், அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் அட்டையைத் தொடவே இல்லை. அக்காதான் தாள் இருக்கிறதா என்று கேட்டாள்.

“எழுதிக்கோங்க. கட்டுப் போடுற ரூம்ல ஒரே ஒரு கத்தரிக்கோல்தான். எனக்கு முன்னாடி ஒருத்தருக்கு வெட்டினதைக் கழுவாம எனக்கும் வெட்டினாங்க. ரெண்டு தடவை பாத்தேன். பயந்துபோய் வர்றதையே விட்டுட்டேன்.”

“அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா” என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. தாளைப் பார்த்தே பேசினாள்.

“இதையும் சேத்து எழுதுங்க. மருந்து குடுக்கிற எடத்துல ஒருத்தர் இருக்காரு. அவரு யாரையும் வாயைத் திறக்க விடமாட்டாரு.”

பேனா நின்றது. எழுதட்டுமா என்று அந்த அம்மா மெதுவாகக் கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் எழுதச் சொன்னாள் அக்கா.

எழுதி முடித்துக் கையெழுத்துக்கு நீட்டினார். இடது கையில் ஊசி வழியாக மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அட்டையைப் பிடிக்க அக்காவால் முடியவில்லை. நான் எழுந்துபோய், அவள் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.